450 வைத்தும் உருகாத ஈயம்

பல்லடம் பக்கத்து நூல் மில் ஒன்றிலிருந்து, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் போர்டு ஒன்று என் மேசைக்கு வந்தது. கொண்டுவந்தவர் மில் எலக்ட்ரீஷியன், சின்ன வயசுத் தம்பி. உப்பிப்போன கெப்பாசிட்டர் ஒன்றை மாற்ற அவரே முயன்று பார்த்திருக்கிறார். ஒரு கால் சுலபமாக வந்துவிட்டது. கிரவுண்ட் பக்கத்துக் கால் வரவில்லை. சால்டரிங் ஸ்டேஷனில் சூட்டை ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் 450-இல் வைத்து அழுத்தியிருக்கிறார். ஈயம் கூழ்போல ஆனதே தவிர ஓடவில்லை. கெப்பாசிட்டரை ஆட்டி இழுத்ததும் கால் வந்தது. அதோடு துளைக்குள் இருந்த செம்புக் குழலும், மேலே காலைப் பற்றவைக்கும் செம்பு வட்டமான பேடும் பிய்ந்துகொண்டு வந்துவிட்டன.

"சூடு நல்லாத்தான் வெச்சனுங்ண்ணா. 450 காட்டுச்சு. ஈயம் மட்டும் உருகவே இல்லீங்க. போர்டு பொழைக்குமுங்களா?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. மீட்டர் 450 காட்டியிருக்கும். அந்த ஈயம் 183 டிகிரியிலோ, அதிகம் போனால் 220-க்குள்ளோ உருகவேண்டியது. (இங்கே சொல்லும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.) அப்புறம் ஏன் உருகவில்லை? கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் தறி போர்டு, நிட்டிங் மெஷின் போர்டு, போர்வெல் ஸ்டார்ட்டர் போர்டு என்று பழுது பார்க்கும் எல்லோரும் என்றாவது ஒருநாள் முட்டி நின்ற கேள்வி இது. எந்த வேலைக்கு எந்தச் சூட்டு முறை என்பதற்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

பாத்திக்குத் தண்ணீர் விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஒன்று. வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது வேறொன்று. இரண்டும் சரியாக இருந்தாலும், பாத்தியின் மறுபக்கத்து மடை திறந்து கிடந்தால் பாத்தி நிறையாது. சால்டரிங் அயன் முனையின் டிகிரி என்பது தொட்டியின் உயரம். வாட் என்பது வாய்க்காலின் ஓட்டம். அந்தத் தம்பி தொட்டியை உயர்த்திக்கொண்டே போனார். திறந்து கிடந்த மடையை அவர் பார்க்கவில்லை.

மடை எது? போர்டுக்குள் இருக்கும் செம்பு. சாதாரணமாக நாம் கையாளும் எஃப்.ஆர்.4 போர்டு கண்ணாடி இழையும் எபாக்சிப் பிசினும் சேர்ந்தது. அது வெப்பத்தைக் கடத்துவதில் மகா மந்தம். செம்பு அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும். சிக்னல் போகும் மெல்லிய டிராக்கில் உட்கார்ந்திருக்கும் கால் தீவு மாதிரி. நாம் கொடுக்கும் சூடு அங்கேயே நிற்கும். கிரவுண்ட் கால் அப்படி இல்லை. பல அடுக்கு போர்டில் அது உள்ளே இரண்டு மூன்று அடுக்குகளில் உள்ளங்கை அகலச் செம்புத் தகடுகளோடு சேர்ந்திருக்கும். முனையிலிருந்து இறங்கும் சூடு ஈயத்தில் நிற்காமல் தகட்டில் பரவிப் போய்விடும். இதற்காகவே பேடைத் தகட்டோடு முழுதாகச் சேர்க்காமல் நான்கு மெல்லிய செம்பு இழைகளால் மட்டும் சேர்த்து வரைவார்கள் போர்டு வடிவமைப்பவர்கள். ஆனால் டிரைவ், இன்வெர்ட்டர் மாதிரி அதிக ஆம்பியர் ஓடும் போர்டில் அந்தச் சலுகை பெரும்பாலும் கிடைக்காது. கரண்ட் தாங்கவேண்டும் என்று பேடை முழுதாகவே தகட்டில் சேர்த்துவிடுவார்கள். மில் போர்டும் அப்படித்தான் இருந்தது.

ஊருக்குள் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. குழி தோண்டிக் கரி போட்டு, துருத்தியால் ஊதி, பாத்திரத்தை அடியிலிருந்து காய்ச்சுவார்கள். நவச்சாரத்தைத் தூவித் துடைத்து, அதன்பிறகுதான் வெள்ளீயக் கட்டியைத் தொடுவார்கள். தொட்ட மாத்திரத்தில் அது உருகிப் பளபளவென்று பரவும். கட்டியைத் தனியாக உருக்கிப் பாத்திரத்தில் ஊற்றிப் பார்த்தால் ஒட்டாமல் உருண்டு போகும். சூடாகவேண்டியது பாத்திரம், ஈயம் அந்தச் சூட்டில் தானே உருகவேண்டும். நவச்சாரம் செய்த வேலையை இன்று நாம் பேஸ்ட் என்றும் பிளக்ஸ் என்றும் சொல்லும் பிசின் செய்கிறது: உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்து ஈயத்துக்கு வழிவிடுகிறது. போர்டு வேலை இதே வேலைதான், அளவுதான் சிறிது.

முதலில் கையில் எடுப்பது சால்டரிங் அயன். எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கும் 25 வாட் குச்சி அயனில் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. உள்ளே சுற்றிய கம்பிச் சுருள் கரண்ட் வந்த அளவுக்குக் காயும், அவ்வளவுதான். இங்கே நம் ஊர் மின்சாரத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். தோட்டங்களில் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும்போது கடைசிக் கம்பத்து வீடுகளில் வோல்டேஜ் 180 வரை இறங்குவதுண்டு. வாட் என்பது வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 230-இல் 25 வாட் தரும் அயன் 180-இல் ஏறத்தாழ 15 வாட்தான் தரும். காலையில் நன்றாக ஓடிய ஈயம் மோட்டார் நேரத்தில் மாவு மாதிரி மங்கி நிற்பதற்குக் கைப்பழக்கம் காரணமல்ல. அதே அயனைச் சும்மா ஒரு மணி நேரம் சொருகி வைத்தால் 400-ஐயும் தாண்டிக் காய்ந்து முனையைக் கருக்கும். வேலை வைத்தால் சூடு இறங்கும், சும்மா இருந்தால் ஏறும். போர்டு வேலைக்கு இது தலைகீழான குணம்.

அடுத்தது, வேண்டிய சூட்டை வைத்துக்கொள்ளும் ஸ்டேஷன். பரவலாகப் புழங்கும் பழைய வடிவத்தில் பீங்கான் ஹீட்டர் தனி, அதன்மேல் மாட்டும் முனை தனி. வெப்பம் அளக்கும் சென்சார் ஹீட்டருக்குள் இருக்கிறது. ஹீட்டருக்கும் முனைக்கும் நடுவே மயிரிழைக் காற்று இடைவெளி. கனமான பேடில் முனையை வைத்ததும் முனையின் நுனி 250-க்கு இறங்கியிருக்கும். உள்ளே இருக்கும் சென்சாருக்கு அது தாமதமாகத்தான் தெரியும். திரை 350 என்றே காட்டிக்கொண்டிருக்கும். தம்பி பார்த்த 450 இப்படிப்பட்ட 450. ஹீட்டர், சென்சார், முனை மூன்றையும் ஒரே துண்டாக வார்த்த டி12, சி245 மாதிரி கார்ட்ரிட்ஜ் வகையில் இந்தத் தாமதம் மிகக் குறைவு. நுனி குளிர்ந்த உடனே ஹீட்டர் பாய்ந்து ஈடுகட்டும். அதனால் பழைய ஸ்டேஷனில் 400 வைத்துச் செய்த வேலையை இதில் 340-இல் செய்துவிடலாம். குறைந்த டிகிரியில் அதிக வெப்பம் என்பதுதான் இந்த வகைக்குக் கொடுக்கும் காசின் பலன்.

டிகிரியை எண்ணாகவே வைக்காத ஒரு வழியும் உண்டு. கேட்கவே அழகான வழி. சில உலோகக் கலவைகள் ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தொட்டதும் காந்தத் தன்மையை இழக்கும். அதற்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர். வெல்லர் நிறுவனத்தின் பழைய அயன்களில் முனையின் பின்பக்கம் இப்படி ஒரு கலவைத் துண்டு இருக்கும். சூடு எட்டியதும் அது காந்தத்தை விட்டுவிட, ஸ்விட்ச் அணைந்துவிடும். முனையின் பின்னால் 7 என்று பொறித்திருந்தால் 700 பாரன்ஹீட், நம் கணக்கில் ஏறத்தாழ 370 டிகிரி. மெட்கால் கருவிகள் இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயின. 13.56 மெகாஹெர்ட்ஸ் மின்சாரம் முனையின் வெளிப்பூச்சையே நேரடியாகக் காய்ச்சும். பூச்சு காந்தத்தை இழந்ததும் காய்ச்சல் தானாகத் தணியும். திருக எந்தக் குமிழும் இல்லை, வெப்பநிலையை முனையே முடிவு செய்யும்.

எந்த அயனாக இருந்தாலும் முனையின் வடிவம் பாதி வேலை. ஊசி முனைதான் நுட்பமான வேலைக்கு என்று நினைத்துப் பலர் எல்லாவற்றுக்கும் அதையே வைத்திருப்பார்கள். ஊசி நுனி பேடைத் தொடும் பரப்பு கடுகளவுகூட இராது. அந்தக் கடுகு வழியாகத்தான் அத்தனை வாட்டும் போகவேண்டும். பேடின் அகலத்துக்கு ஏறத்தாழச் சமமான உளி முனையை எடுங்கள். நுனியில் ஒரு துளி புது ஈயம் ஏற்றிக்கொண்டு, படுத்த மாதிரி வையுங்கள். அந்தத் துளி காலுக்கும் பேடுக்கும் முனைக்கும் நடுவே பாலம் போட்டுவிடும். இரண்டு மூன்று விநாடியில் இணைப்பு முடியவேண்டும். ஐந்து விநாடிக்கு மேல் ஆகிறது என்றால் கருவியையோ முறையையோ மாற்றவேண்டிய நேரம் அது. டிகிரியை ஏற்றவேண்டிய நேரம் அல்ல. முனையை அரம் போட்டுத் தேய்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். முழுச் செம்பாக இருந்த அந்தக்கால முனைக்கு அது சரி. இன்றைய முனை செம்பின் மேல் மெல்லிய இரும்புப் பூச்சு. அரம் பட்டால் பூச்சு போய், உருகிய வெள்ளீயம் உள்ளே இருக்கும் செம்பைக் கரைத்துக் குழியாக்கிவிடும்.

டிகிரியை ஏற்றினால் என்னதான் ஆகும்? பேடைப் போர்டோடு ஒட்டி வைத்திருப்பது எபாக்சிப் பிசின். சாதாரண எஃப்.ஆர்.4-இல் அது 130, 140 டிகிரியிலேயே கெட்டித்தன்மையை விட்டுத் தளரத் தொடங்கும். அதற்கு மேல் போர்டு தடிமன் வாக்கில் உப்பும் வேகமும் பல மடங்கு கூடும். உள்ளே இருக்கும் செம்புக் குழல் அவ்வளவு உப்பாது. ஒன்று நீள, மற்றொன்று நிற்க, நடுவில் விரிசல். பிசினும் தளர்ந்த அந்த நேரத்தில் காலைப் பிடித்து ஆட்டினால் பேடு பிய்ந்து வருவது இயற்கை. மில் போர்டுக்கு நடந்தது இதுதான். காலுக்கடியில் ஈயம் உருகும் அளவுக்குச் சூடு சேரவில்லை. அதே நேரம் மேலே பேடைச் சுற்றிப் பிசின் கருகும் அளவுக்குச் சேர்ந்துவிட்டது.

ஈயத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எந்தக் கலவை என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு சூடு என்பது. நாம் கடைப்பேச்சில் ஈயம் என்று சொல்வது வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. 63-க்கு 37 என்ற விகிதத்தில் கலந்தால் 183 டிகிரியில் ஒரே அடியாக உருகும், ஒரே அடியாக உறையும். காரீயம் நஞ்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் அதைக் கட்டுப்படுத்தியது. நம் நாட்டிலும் 2011-இல் வந்த மின்னணுக் கழிவு விதிகள் கணினி, டிவி போன்ற பொருள்களில் காரீயத்துக்கு 0.1 சதவீதம் என்று வரம்பு வைத்தன. அதனால் இன்று வெளிநாட்டிலிருந்து வரும் மெஷின் போர்டுகளில் பெரும்பாலும் வெள்ளீயம், 3 சதவீதம் வெள்ளி, அரை சதவீதம் செம்பு சேர்ந்த கலவையைத்தான் பார்க்கிறோம். இது 217-இல் உருகத் தொடங்கும். 34 டிகிரி கூடுதல் என்பது கேட்கச் சின்ன எண். போர்டின் பொறுமை எல்லைக்குப் பக்கத்தில் அது பெரிய எண்.

பழைய இணைப்பில் புது 63/37 ஈயத்தைக் கொஞ்சம் ஊட்டினால் கலவையின் உருகுநிலை இறங்கும், வெப்பமும் நன்றாகப் பாயும். பாகத்தைக் கழற்றுவதற்கு இது நல்ல வழி. இன்னொரு வழியாகப் பிஸ்மத் கலந்த ஈயம் இருக்கிறது. 138 டிகிரியில் உருகும், மொபைல் பழுது பார்ப்பவர்கள் அதிகம் புழங்குவது. இதில் ஓர் எச்சரிக்கை. பிஸ்மத்தும் காரீயமும் வெள்ளீயமும் மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ 96 டிகிரியிலேயே உருகும் கலவை உருவாகிவிடும். தோட்டத்தில் வெயிலில் நிற்கும் தகரப் பெட்டிக்குள், ஆம்பியர் ஏறிக் காயும் ரிலே காலில் அது மிச்சம் இருந்தால் இணைப்பு தானாகக் கழன்றுகொள்ளும். பிஸ்மத் ஈயத்தால் கழற்றினால், விக் என்னும் ஈயம் உறிஞ்சும் செம்புப் பின்னலை வைத்துப் பேடைத் துடைத்துச் சுத்தமாக எடுத்துவிட்டுத்தான் புது ஈயம் வைக்கவேண்டும்.

ஹாட் ஏர், அதாவது சூடான காற்றை ஊதும் புளோயர், பல கடைகளில் இன்று அயனுக்கு அடுத்த கருவியாகிவிட்டது. நாற்பது, அறுபது கால் உள்ள ஐசியை அயனால் ஒவ்வொரு காலாகக் கழற்ற முடியாது. எல்லாக் கால்களும் ஒரே நேரத்தில் உருகவேண்டும். அங்கே காற்றுக்கு மாற்று இல்லை. ஆனால் காற்று வெப்பத்தைச் சுமப்பதில் சோப்ளாங்கி. திரையில் 350 என்று இருந்தாலும், காற்று வெளிவரும் வாயான நாசிலிலிருந்து ஒரு சாண் தள்ளி அந்தச் சூடு கிடையாது. போர்டை எட்டுவதற்குள் பாதி அறைக்குள் போய்விடும். எண்ணைப் பார்க்காமல் ஈயத்தைப் பாருங்கள். ஐசியைச் சுற்றிப் பிளக்ஸ் தடவி, நாசிலை ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்து, வட்டமாகச் சுற்றிக்கொண்டே வந்தால் முதலில் பிளக்ஸ் கொதித்து அடங்கும். பிறகு கால்களில் மங்கலாக இருக்கும் ஈயம் ஒரு நொடியில் பளிச்சென்று மின்னும். நான்கு பக்கமும் மின்னிய பிறகு இடுக்கியால் லேசாகத் தொட்டால் ஐசி மிதந்து நகரும். நகரவில்லை என்றால் இன்னும் ஒரு பக்கம் உருகவில்லை என்று பொருள். அந்த இடத்தில் பொறுமை இழந்து தூக்கியவர்கள் எல்லோரும் டிராக்கைப் பிய்த்திருக்கிறார்கள், நானும் பிய்த்திருக்கிறேன்.

பக்கத்தில் இருப்பவற்றையும் காப்பாற்றவேண்டும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் உடம்பில் எழுதியிருக்கும் 105 என்பது அதன் தாங்கும் சூடு. 350 டிகிரிக் காற்று அதன்மேல் பட்டால் உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகி உப்பும், இல்லாவிட்டால் ஆயுள் குறையும். கனெக்டர் பிளாஸ்டிக் வளைந்துவிடும். சூடு தாங்கும் மஞ்சள் கேப்டன் டேப்பும், அதற்கு மேல் அலுமினியப் படலமும் ஒட்டி மறைப்பது ஐந்து நிமிட வேலை. பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னதாக இருக்கும் பீங்கான் கெப்பாசிட்டர்களில் இன்னும் கவனம் வேண்டும். திடீர்ச் சூட்டில் அவை கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். அன்றைக்கு வேலை செய்யும். பின்னொரு நாள் ஷார்ட் ஆகி, நாம் தொடாத பக்கத்தையும் சேர்த்து எரிக்கும்.

காற்று என்று சொல்லும்போது நம் ஊர்க் காற்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளையே சுற்ற வைக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஷட்டர் திறந்த கடையில் 350 டிகிரிக் காற்று எங்கே நிற்கும்? போர்டின் ஒரு பக்கம் உருகியிருக்கும்போது வாசல் பக்கம் உறைந்திருக்கும். தலைக்கு மேல் ஓடும் ஃபேனும் அதையேதான் செய்கிறது. புளோயர் வேலைக்கு ஃபேனை நிறுத்தி, வாசல் பக்கம் அட்டைத் தடுப்பு வையுங்கள். பிளக்ஸ் புகைக்காக ஃபேன் வேண்டும் என்றால், மேலிருந்து அடிக்கும் ஃபேனுக்குப் பதில் மேசைக்குப் பின்னால் வெளியே இழுக்கும் சின்ன ஃபேன் வையுங்கள். பிசின் புகை ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. வருடக் கணக்கில் அதன் மேல் குனிந்திருக்கும் வேலை இது.

இப்போது மில் போர்டுக்கு வருகிறேன். அதில் மொத்தம் ஆறு கெப்பாசிட்டர். ஒன்று போய்விட்டது, மீதி ஐந்தையும் மாற்றவேண்டும். எல்லாவற்றுக்கும் கிரவுண்ட் கால் அதே தகட்டில். இங்கே அயனுக்கும் புளோயருக்கும் துணையாக மூன்றாவது ஒன்று வேண்டும்: அடியிலிருந்து முழுப் போர்டையும் காய்ச்சும் பிரீஹீட்டர். கணக்கு எளிது. அறைச் சூடு 30 என்றால் ஈயத்தை 183-க்குக் கொண்டுபோக 153 டிகிரி ஏறவேண்டும். போர்டு ஏற்கெனவே 100-இல் இருந்தால் 83 போதும், ஏறத்தாழப் பாதி. அதைவிட முக்கியம், செம்புத் தகடே சூடாக இருப்பதால் மடை பாதி அடைபட்டுவிடுகிறது. முனையிலிருந்து வரும் வெப்பம் ஓட இடமில்லாமல் இணைப்பிலேயே நிற்கும்.

போர்டைத் தாங்கியில் பிடித்து, மேல்பக்கம் வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி ஒன்றைக் கேப்டன் டேப்பால் ஒட்டினேன். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் வெப்பமானியை இதற்கு நம்பாதீர்கள். பளபளக்கும் ஈயத்தையும் செம்பையும் அது மிகக் குறைவாகக் காட்டும். விநாடிக்கு ஒரு டிகிரிக்கும் குறைவாக மெல்ல ஏற்றி, மேல்பக்கம் 100 வந்ததும் நிறுத்திப் பிடித்தேன். ஐந்து நிமிடம் அப்படியே விட்டேன், உள் அடுக்குகளுக்கும் சூடு இறங்கட்டும் என்று. பிறகு அகலமான உளி முனை, 350. கிரவுண்ட் காலில் புது ஈயத்தை ஊட்டிய மூன்றாவது விநாடியில் போர்டின் மறுபக்கம் ஈயம் எட்டிப் பார்த்தது. ஈயம் உறிஞ்சும் பம்பால் உறிஞ்சியதும் துளைக்குள் வெளிச்சம் தெரிந்தது. ஐந்து கெப்பாசிட்டரும் இருபது நிமிடத்தில் வெளியே. பேடு ஒன்றுகூட அசையவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "இதுக்கா அவ்ளோ பாடுபட்டனுங்க" என்றார்.

பிரீஹீட்டரில் இரண்டு வகை. தட்டின்மேல் போர்டைப் படுக்க வைப்பது ஒன்று, அகச்சிவப்புக் கதிரால் காய்ச்சுவது மற்றொன்று. கதிர் நிறம் பார்க்கும். கறுப்பு ஐசி அதை உறிஞ்சி வேகமாகக் காயும். பளபளக்கும் கால்கள் திருப்பி அனுப்பிவிடும். அடியிலிருந்து 100, 120 வரை தூக்கிவிட அது மிக நன்று. மேலிருந்து கதிரை மட்டும் வைத்து ஈயத்தை உருக்கப் பார்த்தால், கால் உருகுவதற்குள் ஐசியின் முதுகு வெந்துவிடும்.

தட்டு முறை சிறக்கும் இடம் எல்இடி. அலுமினியத் தகட்டின்மேல் எல்இடி பதித்த பல்பு, தெருவிளக்குப் போர்டுகள் அயனுக்கு அடங்கவே அடங்காது, ஏனென்றால் அங்கே முழுப் போர்டும் திறந்த மடை. புளோயரால் மேலிருந்து ஊதினால் எல்இடியின் மஞ்சள் பூச்சு கருகும். அடியில் தட்டைச் சூடாக்கி வைத்தால், அலுமினியமே வெப்பத்தைச் சமமாகப் பரப்பி, எல்லா எல்இடியையும் ஒரே நேரத்தில் மிதக்க விடும். தட்டு இல்லாதவர்கள் தோசைக்கல்லிலும் இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்தும் செய்கிறார்கள். தத்துவம் சரிதான். கல்லில் நடுவே ஒரு சூடு, ஓரத்தில் ஒரு சூடு இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஒருமுறை ஈயம் பட்ட கல்லில் மறுபடி தோசை சுடக்கூடாது. தேய்த்துக் கழுவினாலும் கூடாது. வீட்டுத் திண்ணையிலேயே கடை வைத்திருப்பவர்கள் அந்தக் கல்லைக் குழந்தைகள் எடுக்காத இடத்தில் வைக்கவேண்டும்.

பழுது பார்ப்பதோடு நிற்காமல் போர்டு செய்து கொடுப்பவர்களும் கோவையில் நிறைய. அவர்களுக்கு ரீஃப்ளோ அடுப்பு. ஈயத்தூளும் பிளக்ஸும் கலந்த பேஸ்ட் தடவி, பாகங்களை வைத்து, போர்டை ஒரு சூட்டுப் பாதையில் கொண்டுபோவார்கள். விநாடிக்கு ஒன்றிலிருந்து மூன்று டிகிரி ஏற்றம், 150-க்கும் 200-க்கும் நடுவே ஒன்றிரண்டு நிமிடம் ஊறல், காரீயமில்லாக் கலவைக்கு உச்சம் 240 பக்கம், பிறகு நிதான இறக்கம். இதிலே இன்னொரு வகை, நம் இட்லிப் பானையே. விசேஷ திரவம் ஒன்றைக் கொதிக்க வைத்து, அதன் ஆவிக்குள் போர்டை இறக்குவார்கள். திரவம் 230-இல் கொதிக்கும் என்றால் ஆவியும் 230தான். போர்டு எவ்வளவு நேரம் இருந்தாலும் அதைத் தாண்டிக் காயவே முடியாது. கனமான செம்பு, மெல்லிய கால் என்ற பேதமில்லாமல் ஆவி எல்லாவற்றின் மேலும் படிந்து சூட்டைக் கொடுக்கும். திரவத்தின் விலையால் சின்னப் பட்டறைகளுக்கு எட்டாது என்பதுதான் குறை.

சாயப்பட்டறை போர்டுகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. நீராவிக்குள்ளேயே வாழ்ந்த போர்டு ஈரத்தைக் குடித்திருக்கும். ஐசியின் பிளாஸ்டிக் உடம்பும் குடித்திருக்கும். அதை நேராகப் புளோயரில் காட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, சோளப்பொரி போல வெடித்து ஐசியைப் பிளக்கும், போர்டு அடுக்குகளில் கொப்புளம் எழும். பஞ்சையும் உப்பையும் கழுவித் துடைத்து, 100-ஐ ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் உலர்த்திய பிறகே வேலையைத் தொடங்கவேண்டும். அவசரம் என்று நிற்பவரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் சிரமம். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

புதிதாகக் கடை வைக்கிறவர்கள் எதை முதலில் வாங்குவது என்று கேட்பார்கள். முதலில் நல்ல கார்ட்ரிட்ஜ் அயன், மூன்று உளி முனைகளோடு. இரண்டாவது பிரீஹீட்டர். புளோயர் மூன்றாவதுதான். பலரும் இதை மாற்றிச் செய்கிறார்கள், புளோயரை முதலில் வாங்கிக் கனமான போர்டின்மேல் ஊதிக்கொண்டே இருக்கிறார்கள். மொபைல் மட்டும் பார்ப்பவருக்கு அது சரியாக இருக்கலாம். தறி, பம்ப், மில் போர்டு பார்க்கும் நம் வட்டாரத்தில் சிக்கல் எப்போதும் கனமான செம்புதான்.

இன்னொரு கேள்வியையும் வேலைக்கு முன் கேட்டுக்கொள்கிறேன்: காப்பாற்றவேண்டியது போர்டா, பாகமா? செத்த ஐசியை முழுசாகக் கழற்றி என்ன செய்யப்போகிறோம்? கூர்மையான கட்டரால் கால்களை உடம்போடு ஒட்டி நறுக்கிவிட்டால், பிறகு ஒவ்வொரு காலும் தனித்தனி. முனை பட்ட ஒரு விநாடியில் ஈயத்தோடு வந்துவிடும். போர்டு பார்க்கும் சூடு பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்தத் தம்பியின் கெப்பாசிட்டரையும் மேலே உடைத்து எடுத்துவிட்டு, கால்களை மட்டும் தனியாக வெளியே இழுத்திருக்கலாம்.

பிய்ந்துபோன அந்தத் துளைக்குச் செம்புக் கம்பி ஒன்றைச் செருகி, பக்கத்தில் இருந்த கிரவுண்ட் பகுதியில் பச்சைப் பூச்சைச் சுரண்டி, இரண்டு பக்கமும் படுக்க வைத்துப் பற்றவைத்தேன். மில்லுக்கு எடுத்துப் போகும்முன் அந்தத் தம்பி போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கிரவுண்ட் கால்கள் எவை என்று மார்க்கரால் தானே புள்ளி வைத்துக்கொண்டார்.